மேலத்தாங்கல் வழி

தனசேகரனுக்கு உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது 'வழி'. நடக்கிற வழியோடு அவருக்கு ஒரு சண்டையும் கிடையாது. பஸ் பலகையில் புறப்படும் ஊரையும் போய்ச் சேரும் ஊரையும் பெரிதாக எழுதிவிட்டு, அதற்குக் கீழே 'வழி' என்று போட்டு, நடுவில் வருகிற ஊர்களைப் பொடி எழுத்தில் அடுக்குவார்களே, அந்த வழியோடுதான் சண்டை. கடுதாசியின் மேல் விலாசம் எழுதும்போது, பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஊர்களுக்குப் பக்கத்து ஊரைத் துணைக்குப் போட்டு 'வழி' என்பார்கள். அதுவும்தான். கல்யாணப் பத்திரிகையாகட்டும், உர மூட்டை ரசீதாகட்டும், கடுக்காக்கொட்டாய் என்று எழுதிய கையோடு 'மேலத்தாங்கல் வழி' என்றும் எழுதித் தொலைக்க வேண்டும். பொண்டாட்டி பெயரை எழுதினால் மாமியார் பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதுபோல இருக்கிறது என்று அவர் சொல்வார்.

கடுக்காக்கொட்டாயில் தொண்ணூறு வீடு. மேலத்தாங்கலில் எண்ணி நாற்பது. ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோடு மேலத்தாங்கலின் வயிற்றுக்குள் புகுந்து போகிறது. கடுக்காக்கொட்டாய் அந்த ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கிறது. பஸ் நிற்பதும் மேலத்தாங்கலில்தான், போஸ்டாபீஸ் இருப்பதும் மேலத்தாங்கலில்தான். போஸ்டாபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ராமசாமி வீட்டு முன்னறை, ஒரு மேசை, ஒரு முத்திரைக் கட்டை, தபால் கொண்டுபோய்க் கொடுக்கப் பாவாடை என்று ஒரு ஆள். ராமசாமி காலையில் மூன்று மணி நேரம் போஸ்ட் மாஸ்டர், மற்ற நேரம் எல்லாரையும் போல விவசாயி.

அந்த ராமசாமியோடு தனசேகரன் பேசி, இந்தக் கதை நடந்த தொண்ணூற்றொன்றாம் வருஷத்தோடு பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தனசேகரனும் இப்போது சிரிக்கத்தான் செய்கிறார். மேலத்தாங்கல் வழியாக மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ்ஸுக்குப் புதுப் பலகை எழுதப்போகிறார்கள் என்று தெரிந்ததும், வழியில் கடுக்காக்கொட்டாய் பெயரையும் சேர்க்கச் சொல்லி அவர் ஒரு மனு எழுதினார். தொண்ணூறு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, கையெழுத்து வராதவர்களிடம் கைநாட்டு வாங்கி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அதிகாரியைப் பார்க்கப் போனார். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, "பஸ் உங்க ஊருக்குள்ள வருதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, ஒரு மைல் தள்ளிப் போவுது."

"வழின்னா பஸ்ஸு தொட்டுட்டுப் போற ஊருய்யா. தொடாத ஊர எப்படி எழுதறது? இப்படிப் பாத்தா பாண்டிச்சேரியக்கூட எழுதலாமே."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு ஏதோ வேலையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராமசாமியும் சிரித்துவிட்டார். ஒரு சின்னச் சிரிப்புதான். அதிகாரியின் சிரிப்பை அன்றே மறந்துவிட்ட தனசேகரன், ராமசாமியின் சிரிப்பை மட்டும் ஊருக்கு எடுத்து வந்து, பதினோரு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். மேலத்தாங்கலில் பஸ் ஏறுவதை விட்டார். வாய்க்கால் மதகடிவரை குறுக்கே நடந்துபோய், அங்கே நின்று கை காட்டுவார். மழைக்காலத்தில் சேறு முழங்கால்வரை வரும். மதகடிக்குத் தனியாக டிக்கெட் கிடையாது, மேலத்தாங்கல் டிக்கெட்தான் கொடுப்பார்கள். அதை வாங்கி, படிக்காமல் சுருட்டிக் காதில் செருகிக்கொள்வார். ஒரு மனிதனுக்கு ரோஷம் இருக்க வேண்டியதுதான். அதற்காகக் காலில் சேறோடு பதினோரு வருஷமா என்று அவரே இப்போது கேட்டுக்கொள்கிறார்.

இது அவரோடு போயிருந்தால் ஒரு பாவமும் இல்லை. பெண்ணையும் இழுத்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள் தங்கமணி பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்ஸ் பயிற்சிக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டாள். இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை விண்ணப்பம் வந்தபோது, "இந்த வருசம் வுட்டா வயசு தாண்டிடும்பா, அப்பறம் எழுதவே முடியாது" என்றாள். அவளுக்கு அதைத் தவிர வேறு ஆசை கிடையாது. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய்க் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வருகிற பெண். தனசேகரனும் அவளை வெள்ளை உடுப்பில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தார். அதில் பொய் இல்லை.

தங்கமணி குண்டு குண்டான எழுத்தில் எல்லாவற்றையும் நிரப்பி, விலாசம் எழுதுகிற இடத்துக்கு வந்தாள். 'கடுக்காக்கொட்டாய்' என்று எழுதி, அடுத்து 'மே' என்று ஆரம்பித்தாள். தனசேகரன் தாளை இழுத்துக்கொண்டார்.

"குடு, நான் எழுதறேன். அவனுங்க ஊரு பேரு இல்லாம எம்பொண்ணுக்குக் கடுதாசி வராதா?"

அந்த 'மே'யை அழுத்தி அடித்தார். க.தனசேகரன் மகள் தங்கமணி, கடுக்காக்கொட்டாய், கள்ளக்குறிச்சி தாலுகா, தென்னாற்காடு மாவட்டம் என்று தன் கையால் எழுதினார். எழுத்து அழகாகத்தான் வந்தது.

"அப்பா, பின்கோடு?"

"அதுவும் அவனுங்க போஸ்டாபீஸ் நம்பருதான. வேணாம்."

தங்கமணி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளை மடித்துக் கவரில் போட்டாள். இப்போது இந்தக் கதையைச் சொல்லும்போது, இந்த இடம் வந்தால் தனசேகரன் நிறுத்திவிட்டு நெற்றியில் ஒரு தடவை அடித்துக்கொள்வார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பார்த்ததில்லையே, பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்.

ஆவணி பிறந்தது. கச்சிராயபாளையத்தில் தங்கமணியோடு படித்த பெண்ணுக்கு நேர்காணல் கடிதம் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை விழுப்புரம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று செய்தி கிடைத்தது. அவளைவிட இவளுக்கு மார்க் ஜாஸ்தி. இவளுக்கு வரவில்லை. தங்கமணி ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். சாப்பாடும் பாதியாகக் குறைந்தது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தனசேகரன் பொறுக்கமாட்டாமல், வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பாவாடையை மறித்தார். ராமசாமியோடுதான் பேச்சு இல்லை, பாவாடையோடு பேசலாம் என்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"எம்பொண்ணுக்கு எதனா வந்துதாய்யா?"

"வந்தா வெச்சிக்கினு நான் இன்னாங்க பண்ணப்போறேன்? வர்ல." பாவாடை சைக்கிளை நிறுத்தினார். "அட்ரஸ் எப்படி எழுதுனீங்க?"

தனசேகரன் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"மேலத்தாங்கல் வழின்னு போடலையா?"

"போடல."

"பின்கோடு?"

"போடல."

பாவாடை மலைப் பக்கம் கையை நீட்டினார். "வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு கடுக்காக்கொட்டாய் கீதுங்க. அதுவும் கள்ளக்குறிச்சி தாலுகாதான். வழி போடாத கடுதாசி மொதல்ல அந்தப் பையிலதான் வுழும். வழின்னு ஒண்ணு எதுக்குங்க எழுதறது? அழகுக்கா? எந்தக் கை வாங்கி எந்தக் கையில குடுக்கணும்னு தெரியறதுக்குத்தான்."

தன் ஊர்ப் பெயரில் மலை மேல் இன்னொரு ஊர் இருப்பது தனசேகரனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தொண்ணூறு வீட்டுக் கையெழுத்தோடு உலகத்துக்கே ஒரே கடுக்காக்கொட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். வீட்டில் வந்து பாதியைத்தான் சொன்னார். "கடுதாசி மலைக்குப் போயிருக்கும்போல. காலைல போய் வாங்கியாந்துடறேன். வெள்ளிக்கிழமைதான், நாள் கெடக்குது" என்றார். எப்படி மலைக்குப் போனது என்று மனைவி பச்சையம்மாள் கேட்டதற்கு, தபால்காரர்களின் அலட்சியத்தைப் பற்றி நீளமாகப் பேசினார்.

புதன்கிழமை முதல் பஸ்ஸை மதகடியில் கை காட்டி நிறுத்தி ஏறினார். கச்சிராயபாளையம் தாண்டி, அணைக்கட்டைத் தாண்டி, பஸ் மலை ஏறத் தொடங்கியது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது முறை. ஒரு கொண்டை ஊசி வளைவில், வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த முதல் பஸ் ஒதுங்கி நின்றது. இந்த பஸ் உரசாமல் மெல்ல நகர்ந்து, ஜன்னலுக்கு ஜன்னல் நேராக வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு டிரைவர்களும் மழையைப் பற்றியும் யாரோ ஒருவருடைய மச்சானைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். அந்த பஸ் கண்டக்டர் தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். தனசேகரன் வெற்றிலை மடிப்பதைப் பார்த்துவிட்டு, "ஒரு வெத்தல குடுங்க பெரியவரே" என்று கையை நீட்டினார். தனசேகரன் இரண்டாகவே கொடுத்தார், பாக்கும் வைத்துக் கொடுத்தார். கண்டக்டர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு தோல் பையைத் தட்டி விசில் ஊத, அந்த பஸ் இறங்கிப் போனது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனாவது தன் வெண்ணெயோடுதான் அலைந்தான். இவர் வெண்ணெய்க்கு வெற்றிலையும் கொடுத்து வழியனுப்பிவிட்டு மேலே போனார்.

அது அவருக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

வெள்ளிமலையில் இறங்கி, போகிற ஜீப் ஒன்றில் பாதி தூரம் தொற்றிக்கொண்டு, மீதியை நடந்து கடந்தபோது மணி பத்தாகிவிட்டது. சரிவில் சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்த ஆள் இவரைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டான்.

"இன்னாங்க, நீங்க இங்க வந்து நிக்கறீங்க?"

மாயவன். இரண்டு வருஷம் மலையிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்து தனசேகரனின் கரும்பை வெட்டியவன். சொந்த ஊர் எது என்று அவனைத் தனசேகரன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கடுக்காக்கொட்டாய் என்றே சொல்லியிருப்பான்.

"ஒரு கவரு வந்துதா மாயவா, எம்பொண்ணு பேருக்கு?"

"வந்துதுங்க. வந்து எட்டு நாளாச்சு. சந்தைக்குப் போனப்ப எங்கூர்க் கடுதாசின்னு குடுத்தாங்க. இங்க யாருக்குங்க படிக்கத் தெரியும்? வாத்தியாரு லீவுல போயிருந்தாரு. கூரையில செருகி வெச்சிருந்தேன். நேத்து சாயந்திரம்தான் வந்தாரு. தனசேகரன் மகள்னு படிச்சதும் எனக்குத் தெரிஞ்சிப்போச்சு, இது கீழ நம்ம கரும்புக்காரரு வூட்டுதுன்னு. பொண்ண வேலைக்குக் கூப்புட்டுக்கீறாங்க, நாளைக்குப் பன்னண்டு மணிக்கு விழுப்புரத்துல இருக்கணும்னாரு."

"நாளைக்கா?"

"நேத்து சொன்ன நாளைக்குங்க. இன்னிக்கு."

அந்தப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை என்றால் இந்தப் பெண்ணுக்கும் வெள்ளிக்கிழமை என்று யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. தனசேகரனே சொல்லிக்கொண்டதுதான். அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கவரு எங்க?"

"காலைல நாலு மணிக்கே எழுந்து போய், மொத பஸ்ஸு கண்டக்டரு கையில குடுத்தனுப்பிட்டேங்க. மருந்து, மாத்திர, வெதை, எதுன்னாலும் நாங்க அப்படித்தான் அனுப்பறது. உங்க ஊரு பேரச் சொன்னா அவரு திருப்பிக் கொண்டாந்து எங்கிட்டயே குடுத்துடுவாரு. அதனால மேலத்தாங்கல் போஸ்டாபீஸ் வூட்ல எறக்கிடு, அவங்க சேத்துடுவாங்கன்னு சொன்னேன். செரிதானுங்களே?"

எழுதப் படிக்கத் தெரியாத மாயவனுக்குத் தெரிந்தது, எட்டாவது வரை படித்த தனசேகரனுக்குத் தெரியவில்லை. சரிதான் என்று தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாயவன் மனைவி இருசம்மாள் ஒரு சொம்பில் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிங்க. பஸ்ஸு ஒரு மணிக்குத்தான். அழுதாலும் ஒரு மணிக்குத்தான்" என்றாள்.

ஒரு மணிவரை அவர் என்ன நினைத்தார் என்று சொன்னால் அவருக்கே வெட்கம். ராமசாமி கவரை வாங்கியிருப்பான். பதினோரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் வீட்டுக் கவர். மேசை மேல் போட்டு வைப்பான். பாவாடை பத்து மணிக்குப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பி, ஊர் ஊராய்ச் சுற்றி, கடைசியாகத்தான் நம் ஊருக்கு வருவான். அதற்குள் பன்னிரண்டு. ராமசாமி மேல் தப்புச் சொல்ல முடியாது, அது அவன் வேலை நேரம், அவன் முறை. இத்தனையும் நினைத்துவிட்டு, ராமசாமியின் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தார். கவரை மேசையில் போட்டு வைத்திருப்பேன் என்று பட்டது. அந்த எண்ணம்தான் அவரை ரொம்ப வாட்டியது. மகள் முகம் வேறு கண்முன் வந்து நின்றது. இனிமேல் எழுதவே முடியாது என்று சொன்ன முகம்.

மூன்று மணிக்கு மேலத்தாங்கலிலேயே இறங்கி, ஒரு மைலும் ஓட்டமும் நடையுமாக வந்தார். மதகடி ஞாபகமே வரவில்லை. வாசலில் பச்சையம்மாள் மட்டும் புளி கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தங்கமணி எங்க?"

"விழுப்புரத்துல."

"விழுப்புரத்துக்கா? யாரு கூட?" என்றார் தனசேகரன்.

"எட்டு மணிக்கு வந்தாரு அந்த மனுசன்" என்றாள் பச்சையம்மாள், புளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வண்டிய வெளியவே நிறுத்திட்டு, வேலியாண்ட நின்னுக்கினு, 'அம்மா, பொண்ணக் கெளப்புங்க, பன்னண்டு மணிக்கு இண்டர்வியூ'ன்னாரு. உள்ள வாங்கன்னேன். வர்ல. பெத்தவங்களோ பொறுப்பானவங்களோ கூட வரணும்னு போட்டிருக்குதாம். நீங்க எங்கன்னு கேட்டாரு. மலைக்குப் போயிருக்காருன்னேன். எதுக்குன்னாரு. இந்தக் கவர வாங்கறதுக்குத்தான்னேன். நான் தலய நிமுத்த முடியாம நின்னேன்."

"நீ போயிருக்கலாமே."

"கள்ளக்குறிச்சி தாண்டி என்னை எங்க இட்டுக்கினு போயிருக்கீங்க நீங்க? விழுப்புரம் கெழக்கால இருக்குதா மேக்கால இருக்குதான்னு எனக்குத் தெரியுமா? போஸ்டாபீஸ பாவாடைகிட்ட வுட்டுட்டு அவரே கூடப் போயிருக்காரு." புளிக்கூடையை நகர்த்தி வைத்தாள். "வழி போடாம எழுதனது நீங்கதானாமே. பொண்ணு போறப்ப சொல்லிட்டுப் போனா. நேத்து தபால்காரனுங்கள அந்தத் திட்டு திட்டுனீங்களே, வாய் கூசல?"

கூசியது. அவர் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் புளி கொட்டை எடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆறு மணிக்குக் கரும்புத் தோட்டத்து மண்பாதையில் ராமசாமியின் வண்டி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தங்கமணி, அது நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்கப்பா. ஒண்ணாந்தேதி ஹாஸ்டல்ல சேரணும்."

பச்சையம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தனசேகரன் அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார். ஹாஸ்டல் படிவம். மாணவி பெயர் தங்கமணி. பொறுப்பாளர் கையெழுத்து: ராமசாமி. பொறுப்பாளர் விலாசம்: மேலத்தாங்கல். மாணவிக்கு உறவு: பெரியப்பா.

ராமசாமி வேலிக்கு வெளியேதான் நின்றிருந்தார். "கையெழுத்த அங்கயே போடணும்னுட்டாங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "உறவு இன்னான்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவளே சொல்லிட்டா. தப்பா நெனச்சிக்காத சேகரா."

தனசேகரன் போய் வேலிப் படலைத் திறந்தார். "உள்ள வாங்க" என்றார். ராமசாமி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

சாப்பிடும்போது தங்கமணி இன்னொன்றும் சொன்னாள். ஹாஸ்டலில் கெடுபிடி ஜாஸ்தி. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள், அதுவும் கையெழுத்துப் போட்ட பொறுப்பாளரைத்தான். மூன்று வருஷத்துக்கும் அதுதான் சட்டம். பச்சையம்மாள் கணவனைப் பார்த்தாள். கணவன் ரசத்தைப் பார்த்தார்.

அப்படியாக, அடுத்த மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனசேகரனும் ராமசாமியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து விழுப்புரம் போனார்கள். ஒரு தூக்கு நிறைய அதிரசமும் முறுக்கும் தனசேகரன் மடியில் இருந்தது. ஹாஸ்டல் வாசலில் லட்சுமியம்மாள் என்று ஒரு அம்மாள் நீள நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. ராமசாமி கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் பழைய படிவத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "நீங்க போங்க" என்றாள். தனசேகரனை நிறுத்தினாள். "இவரு?"

"இவருதாம்மா பெத்தவரு" என்றார் ராமசாமி.

"பெத்தவரு இருக்கறப்ப நீங்க எதுக்குக் கையெழுத்து போட்டீங்க?"

ராமசாமி திரும்பித் தனசேகரனைப் பார்த்தார். சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை இல்லை அது. நான் சொல்லமாட்டேன் என்கிற பார்வை.

"அன்னிக்கு நான் மலைக்குப் போயிருந்தேம்மா" என்றார் தனசேகரன்.

"பொண்ணுக்கு இண்டர்வியூ. உங்களுக்கு மலைல இன்னா வேல?"

பொய் ஒன்று கைவசம் இருந்தது. காய்ச்சல், சாவு, ஏதாவது. உள்ளே எங்கோ பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது, அதில் தங்கமணி குரல் எது என்று அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை. அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அதுக்கு மொதல்ல இருந்து சொல்லணும்மா. எங்க ஊரு ரோட்டுல இருந்து ஒரு மைலு உள்ள இருக்குது" என்று ஆரம்பித்தார்.

அவர் இந்தக் கதையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனுவைச் சொன்னார், அடித்த 'மே'யைச் சொன்னார், வெற்றிலையும் பாக்கும் கொடுத்ததைச் சொன்னார். வரப்பில் உட்கார்ந்து ராமசாமியைப் பற்றி நினைத்ததைக்கூட, ராமசாமி பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். வெற்றிலை இடத்தில் லட்சுமியம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பில்தான். ராமசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதை முடிந்ததும் அந்த அம்மாள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ராமசாமி பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "பேரு?" என்றாள். சொன்னார். "ஊரு?" கடுக்காக்கொட்டாய், மேலத்தாங்கல் வழி என்று அதையும் முழுசாகச் சொன்னார். அவள் தலையை நிமிர்த்தாமல், "உறவு இன்னான்னு எழுதட்டும்?" என்று கேட்டாள்.

"அப்பான்னு எழுதுங்கம்மா."

அவள் எழுதினாள். தனசேகரன் தூக்கை எடுத்துக்கொண்டு, குனிந்து அதைத் தலைகீழாகவே ஒரு தடவை படித்துப் பார்த்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பிறகு ராமசாமியை முன்னால் போகவிட்டு, அவருக்குப் பின்னால் உள்ளே போனார்.